உப்புக்காற்று வீட்டுக்கு என்ன கம்பி? ராமநாதபுரம் கடலோரத்தில் கைப்பிடி, பால்கனிக் கம்பி, மாடிப்படி ஹேண்ட்ரெயில்: கேள்வி பதில்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடற்கரை ஓரமாகப் போய்ப் பாருங்கள். புதிதாக எழும்பும் மாடி வீடுகளில் பளபளக்கும் கம்பிகள் தெரியும். பக்கத்திலேயே நாலைந்து வருடம் ஆன வீடுகளில் அதே கம்பிகள் பழுப்பேறி, அடித்தட்டில் பொத்துப்போய், வெள்ளைச் சுவரில் துருக்கோடு வடிந்து நிற்கும். மதுரையிலோ கோவையிலோ நன்றாக உழைக்கும் பொருளை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். வீடு கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கரையில் கம்பியைக் குறைவாகப் போடுங்கள், போடுவதை நல்லதாகப் போடுங்கள்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? டிசைனா, பொருளா?

இரண்டும் இல்லை, இடம்தான் முதலில். வீட்டில் கம்பி வரப்போகும் இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு வகையில் சேருங்கள். ஒன்று, வீட்டுக்குள் இருப்பது: உள் மாடிப்படி, குளியலறைப் பிடி. இரண்டு, வெளியே இருந்தாலும் மழை நேரடியாகப் பட்டுக் கழுவும் இடம்: மொட்டை மாடி, திறந்த பால்கனி. மூன்று, வெளியே இருந்தும் மழை படாத இடம்: மேலே சன்ஷேடோ கூரையோ உள்ள பால்கனி, வராண்டா, போர்ட்டிகோவை ஒட்டிய படி.

மூன்றாவது இடம் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் சீக்கிரம் கெடும். காற்று உப்பைக் கொண்டுவந்து கம்பியில் ஒட்டிவிட்டுப் போகிறது, அதைக் கழுவிவிட மழை அங்கே வருவதில்லை. நம் மாவட்டத்துக்கு மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவத்தில்தான். மற்ற மாதங்களில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் கூரைக்குக் கீழே இருக்கும் கம்பிக்குத்தான் நல்ல பொருள் வேண்டும்.

கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு இருந்தால் கவலை இல்லை?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் பனங்காடோ, வரிசை வீடுகளோ இருந்தால் ஒரு கணக்கு, வெறும் மணல்வெளி என்றால் வேறு கணக்கு. காற்றின் திசையும் முக்கியம். மன்னார் வளைகுடா பக்கம் முகம் காட்டும் வீட்டை வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு வாடைக்காற்று மாதங்கள்தான் சோதனை. மண்டபமும் ராமேஸ்வரம் தீவும் இரண்டு பக்கமும் கடலுக்கு நடுவில் இருப்பதால் அங்கே ஓய்வே கிடையாது.

எளிதாக அறிய ஒரு வழி உண்டு. உங்கள் தெருவில் ஐந்து வருடத்துக்கு மேல் ஆன வீடுகளின் ஜன்னல் கிரில், கேட் கீல், ஏசி வெளியலகு, மின்மீட்டர்ப் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் உங்கள் வீடு கடலோர வீடுதான், வரைபடம் என்ன தூரம் காட்டினாலும்.

202, 304, 316 என்கிறார்கள். எல்லாமே எவர்சில்வர்தானே?

பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், வாங்கி மாட்டிய அன்று வித்தியாசமே தெரியாது. உள்ளே கலந்திருக்கும் உலோகம் வேறு.

304-இல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். அதனால்தான் அது மலிவு. 316-இல் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதோடு, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அந்த மாலிப்டினம்தான் நமக்கு வேண்டியது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலே குரோமியம் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து அது தானே மூடிக்கொள்ளும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தியதுபோல் ஆங்காங்கே துளைத்துவிடும், மூடிக்கொள்ள விடாது. மாலிப்டினம் இருந்தால் அந்தத் துளை விழுவது வெகுவாகக் குறையும்.

ஆகவே என் பதில் இது. வீட்டுக்கு வெளியே, கடல்காற்று படும் இடம் என்றால் 316. வெல்டிங் வரும் இடங்களுக்கு 316எல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் கரி குறைவு, வெல்டிங் ஓரம் கெடாது. வீட்டுக்குள் 304 போதும். 202-ஐ இந்தக் கரையில் எங்கேயும் வெளியே போடாதீர்கள். சில மாதங்களிலேயே புள்ளி விழும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்த முகம் திரும்பாது.

கடையில் 316 என்று சொல்லித் தருகிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது உதவாது. 202, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது, அல்லது வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். காந்தம் நன்றாக ஒட்டினால் பொருள் வேறு என்று தெரியுமே தவிர, ஒட்டாததால் 316 ஆகிவிடாது.

பிளாஸ்டிக் உறையில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டி விற்கிறது. ஒரு துளி விட்டு, சிறிய பேட்டரியைத் தொட வைத்தால் 316-இல் நிறம் மாறும், 304-இல் மாறாது. மதுரை போன்ற ஊர்களில் பெரிய உலோக வியாபாரிகள் சிலரிடம் துப்பாக்கி வடிவக் கருவி இருக்கும், வைத்த உடனே கலவையைச் சதவீதத்தோடு காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லில் "316" என்று தரத்தை எழுதி வாங்குங்கள். வெறும் "எஸ்எஸ் பைப்" என்று போட்ட பில்லை ஏற்காதீர்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் 304 தான், இருந்தும் டீக்கறை மாதிரி பழுப்பு படிகிறதே?

உப்பு தங்கியதன் அடையாளம் அது. ஆழமான துரு இல்லை, மேல்தோலில்தான் இருக்கிறது. சொரசொரப்பான முகத்தில் உப்பு அதிகம் பிடிக்கும். அதனால் கடற்கரை வீட்டுக்கு மேட் பினிஷ் அழகாக இருந்தாலும் கண்ணாடி மாதிரி பஃபிங் செய்த பைப் நீண்ட நாள் தாங்கும்.

கம்பிநார், சபீனா மாதிரி தூள் எதுவும் வேண்டாம். இரும்பு நாரின் துணுக்குகள் கம்பியில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி போதும். கறை போகாவிட்டால் எவர்சில்வர் பாலிஷ் பசையைக் கம்பியின் நீளவாக்கில் தேயுங்கள்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் பயன்படுத்தலாமா?

உங்கள் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கூடாது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றுவதாகிவிடும், காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரும் அப்படித்தான், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். நம் பக்கத்தில் நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர் இல்லை, குழாய் போட்டுப் பீய்ச்சச் சொல்லவில்லை. காவிரித் தண்ணீரிலோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ துணியை நனைத்து, பிழிந்து, துடைத்தால் போதும். ஒரு பால்கனிக்கு அரை வாளி கூட ஆகாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்ற நாட்களில் மாதம் இருமுறை. கைப்பிடியின் அடிப்பக்கத்தை மறக்காமல் துடையுங்கள், மழை அங்கே எட்டாது.

சாதாரண இரும்பு கிரில் போட்டு பெயிண்ட் அடித்துக்கொண்டால் ஆகாதா?

ஆகும், எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் என்ற வழக்கமான முறை இங்கே நிற்காது. உலோகம் அரிக்கும் சூழலை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 என்ற உலகத் தர அட்டவணையில், உப்பு மிகுந்த கடலோரம் சி5 என்ற வகையில் வரும். அங்கே மூடாத இரும்பு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும் என்கிறது அந்த அட்டவணை. 200 மைக்ரான் என்றால் 0.2 மி.மீ. நீங்கள் வாங்கும் பைப்பே 1.2 மி.மீ. தடிமன்தான் என்றால் கணக்கு உங்களுக்கே புரியும். அலை தெறிக்கும் இடமாக இருந்தால் இதைவிட மோசமான வகையும் அந்த அட்டவணையில் உண்டு.

இரும்புதான் என்று முடிவு செய்தால் இரண்டு வழி. ஒன்று, பட்டறையில் முழுதும் வெல்டிங் முடித்த பிறகு, அப்படியே உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங். 1.5 முதல் 3 மி.மீ. வரை தடிமன் உள்ள இரும்புக்கு இம்முறையில் சராசரி 55 மைக்ரான் துத்தநாகம் ஏறும். சி5 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 8 மைக்ரான் கரையும். ஆக 7 முதல் 13 ஆண்டு வரை எதிர்பார்க்கலாம், மேலே எபாக்சி பிரைமரும் பாலியூரிதேன் மேல்பூச்சும் கொடுத்தால் இன்னும் கூடும். பைப்புக்குள் காற்று போகத் துளை விட்டே தொட்டியில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். இதைப் பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வழி, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஜிபி பைப்பை வாங்கி வெல்டிங் செய்வது. இதையும் "கால்வனைஸ் போட்டதுதான்" என்று சொல்லி விற்பார்கள். ஆனால் தகட்டிலேயே பூசி வருவதால் இதில் துத்தநாகம் மெல்லியது. சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான். வெல்டிங் வைக்கும் இடத்தில் அதுவும் எரிந்துபோகும். ஏழெட்டு வருடக் கணக்குக்கும் ஒரே வருடக் கணக்குக்கும் உள்ள தூரம் இது. உள்ளூரில் முன்னதற்கு வசதி இல்லாமல் வெளியூருக்கு லாரியில் அனுப்ப வேண்டியிருந்தாலும், பெரிய கேட், நீளமான கிரில் என்றால் அந்த வாடகை வீண் இல்லை.

அலுமினியம்? கண்ணாடி?

அலுமினியம் துருப்பிடிக்காது, வெள்ளைப் பூப்பூக்கும். நல்ல பவுடர் கோட்டிங் இருந்தால் ஜன்னலுக்குத் தாராளமாகப் போடலாம். நாம் சாய்ந்து நிற்கும் கைப்பிடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை, ஈரச் சிமெண்டு தொட்டாலே அது அரிக்கும். கண்ணாடி வேண்டும் என்பவர்கள் இரண்டு தகடு ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள், உடைந்தாலும் கீழே கொட்டாது. ஆனால் தினமும் உப்புப் படலம் துடைக்க ஆள் வேண்டும், அதைப் பிடிக்கும் கிளாம்பும் 316 ஆகத்தான் இருக்க வேண்டும்.

உயரமும் இடைவெளியும் எவ்வளவு?

பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் தரையிலிருந்து மூன்றரை அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது, மூன்றரை அடி அதைத் தாண்டி நிற்கும். மாடிப்படியில் படி நுனியிலிருந்து மூன்றடி.

கம்பிக்குக் கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் போகவே கூடாது. குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டும் இடைவெளி அதற்கு மேல்தான் தொடங்குகிறது. கம்பிகளைக் குறுக்குவாட்டில் போடும் டிசைன் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து போகும் வீட்டில் அதைப் போடாதீர்கள். அது பிள்ளைக்கு ஏணி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, கம்பி நேர்வாட்டில்தான் நிற்க வேண்டும்.

வயதானவர்கள் ஏறி இறங்கும் படிக்கு என்ன கவனிக்க வேண்டும்?

கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஒன்றரை அங்குல உருட்டுப் பைப் அதற்குச் சரியான அளவு, இரண்டு அங்குலம் உச்சபட்சம். அகலமான சதுரப் பைப்பும் கிரானைட் பலகையும் பார்வைக்குத்தான், வழுக்கும்போது கைக்கு அகப்படாது. சுவரில் பதிக்கும் பிடி என்றால் சுவருக்கும் பைப்புக்கும் இரண்டு அங்குலம் விடுங்கள், விரல் முட்டி இடிக்காது. முதல் படிக்கு ஒரு அடி முன்பே தொடங்கி, கடைசிப் படிக்கு ஒரு அடி பின்பு முடியட்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு கை பலவீனமானவர் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் பிடிக்க வேண்டியிருக்கும்.

செலவை நானே எப்படிக் கணக்குப் போடுவது?

எடையைப் பிடியுங்கள். ரூபாய் மாதத்துக்கு மாதம் மாறும், கிலோ மாறாது.

எவர்சில்வர் உருட்டுப் பைப்பின் எடைக்கு எளிய கணக்கு உண்டு. வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, வந்ததைத் தடிமனால் பெருக்கி, அதை 0.025-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எல்லாம் மி.மீ. கணக்கில். இரண்டு அங்குலம் என்பது 50.8 மி.மீ., தடிமன் 1.5 என்றால் 49.3 பெருக்கல் 1.5 பெருக்கல் 0.025, அதாவது மீட்டருக்கு 1.85 கிலோ. 20 அடிப் பைப் ஒன்று ஏறக்குறைய 11.2 கிலோ நிற்கும். அதே பைப் 1.2 மி.மீ. தடிமனில் 9 கிலோதான். தராசில் வைத்தால் எந்தத் தடிமன் வந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஒன்றரை அங்குலம் 1.5 தடிமன் என்றால் 20 அடிக்கு 8.3 கிலோ, ஒரு அங்குலம் 1.2 என்றால் 4.4 கிலோ, அரை அங்குலம் 1.2 என்றால் 2.1 கிலோ.

20 அடி நீளப் பால்கனி ஒன்றை எடுத்துக்கொள்வோம், உயரம் மூன்றரை அடி. மேல் கைப்பிடி இரண்டு அங்குலப் பைப், 11.2 கிலோ. நாலடிக்கு ஒன்றாக ஆறு தூண், அதுவும் மொத்தம் 20 அடி பைப் பிடிக்கும், இன்னொரு 11.2. அடியில் ஓடும் ஒரு அங்குலப் பைப் 4.4. நாலு அங்குல இடைவெளிக்கு ஐம்பது நேர்க்கம்பி, ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் அடி, மொத்தம் 14 கிலோ சொச்சம். கூட்டினால் 41 கிலோ. அடித்தட்டு, போல்ட், வெட்டுச் சேதாரம் சேர்த்து 46 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரே நாளில், ஒரே கடையில் 304-க்கும் 316-க்கும் கிலோ விலை கேளுங்கள். வித்தியாசத்தை 46-ஆல் பெருக்குங்கள். கணக்குக்காகக் கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்றால் 4600 ரூபாய். வெட்டுக்கூலி, வெல்டிங், பஃபிங், பொருத்துக்கூலி எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முழுப் பால்கனிச் செலவோடு இந்த வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாடிப்படிக்கு இன்னும் எளிது. பத்து அங்குல மிதி, ஏழு அங்குல ஏற்றம் உள்ள படியின் சரிவு நீளம் பன்னிரண்டு அங்குலம் சொச்சம் வரும். ஆக ஒரு படிக்கு ஒரு அடி கைப்பிடி. பத்தடி உயரத் தளத்துக்குப் பதினேழு படி என்றால் பதினேழு அடி, அதோடு லேண்டிங் நீளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் பலர் விட்டுவிடும் செலவுகளும் உண்டு: 18 சதவீத ஜிஎஸ்டி, மதுரையிலிருந்து வண்டி வாடகை, வளைவு முழங்கை ஒவ்வொன்றுக்கும் தனி விலை, வெல்டிங்குக்கான ஆர்கான் வாயு சிலிண்டர், வெளியூர் ஆள் என்றால் தங்குமிடம், மாடி வெளிப்பக்கம் வேலை என்றால் சாரம்.

ஒருவர் ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தில் ஒரு அடிக்கு, விலை சொல்கிறார், ஒருவர் சதுர அடிக்கு, ஒருவர் கிலோவுக்கு. எதை ஏற்பது?

மூன்றும் நியாயமாக இருக்கலாம், ஒப்பிடும் முன் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 20 அடி நீளம், மூன்றரை அடி உயரம் என்றால் 70 சதுர அடி. ரன்னிங் அடி விலையில் பைப் மெலிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. கிலோ விலையில் தேவைக்கு மேல் கம்பி சேரும் ஆபத்து இருக்கிறது. நான் சொல்வது, ரன்னிங் அடிக்கு விலை பேசுங்கள், கூடவே தரம், ஒவ்வொரு பைப்பின் விட்டம், தடிமன், இடைவெளி, குறைந்தபட்ச மொத்த எடை ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொருத்தும் முன் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்குப் போட்டால் கைக்கு எட்டவில்லை. எதைக் குறைக்கலாம்?

தரத்தையும் தடிமனையும் தொடாதீர்கள், கம்பியின் அளவைக் குறையுங்கள். மூன்றடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் மேல் நாலு அங்குலச் சந்து விட்டு ஒரே ஒரு இரண்டு அங்குலப் பைப் ஓட்டினால் அதே மூன்றரை அடி உயரம் வந்துவிடும். மேலே சொன்ன 20 அடிப் பால்கனிக்கு 46 கிலோவுக்குப் பதில் 15 கிலோவில் வேலை முடியும். துடைக்க வேண்டியதும் ஒரு பைப்தான். செங்கல்லுக்கும் பூச்சுக்கும் செலவுண்டு என்றாலும் அதை உப்பு இவ்வளவு வேகமாகத் தின்னாது.

ஒரு எச்சரிக்கை. நாலரை அங்குலச் சுவர் மூன்றடி உயரத்துக்கு அடிக்கு 60 முதல் 75 கிலோ வரை எடை வரும், கம்பி என்றால் அடிக்கு இரண்டு கிலோ சொச்சம்தான். வெளியே நீட்டிய பால்கனியின் நுனியில் இந்தச் சுவர் வருமென்றால், ஸ்லாபுக்குக் கம்பி கட்டும் முன்பே பொறியாளரிடம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே போட்ட ஸ்லாபில் கேட்காமல் ஏற்றாதீர்கள். காற்று வரத்து குறையுமே என்பவர்கள், கடல் பார்க்கும் பக்கம் மட்டும் கம்பியும் மற்ற பக்கங்களில் சுவரும் வைத்துக்கொள்ளலாம்.

வளைவு, பூ வேலை, தங்க நிறப் பூச்சு, உருண்டைக் குமிழ் எல்லாம் வெட்டத் தகுந்த செலவுகள். ஒவ்வொரு இடுக்கும் உப்பு உட்காரும் இடம் என்பதால் அவை இல்லாதது கம்பிக்கும் நல்லது.

வீட்டு வேலையில் எந்தக் கட்டத்தில் இதைத் தொடங்க வேண்டும்?

முடிவு ஸ்லாப் போடும் முன், அளவு டைல்ஸ் ஒட்டிய பின். டைல்ஸும் கலவையும் சேர்ந்து தரையை இரண்டு அங்குலம் உயர்த்திவிடும். அதற்கு முன் அளவெடுத்தால் கைப்பிடி அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும்.

டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவும் வேலை முழுவதும் முடிந்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகுதான் எவர்சில்வர் வீட்டுக்குள் வர வேண்டும். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக், அதன் புகை பட்டாலே 316 கூடக் கறுக்கும். புது வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கம்பி பழுத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பிளீச்சிங் பவுடரும் அதே வகை.

அடியில் எப்படிப் பொருத்தினால் நீடிக்கும்?

கம்பி முதலில் சாவது காலடியில்தான், இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தூணைக் காங்கிரீட்டுக்குள் நட்டுச் சிமெண்டு பூசுவது பழைய முறை. இரும்புத் தூண் என்றால் சிமெண்டும் இரும்பும் சேரும் விளிம்பில் தண்ணீர் நின்று அங்கேயே அறுந்துபோகும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் உள்ளிருந்து தள்ளிப் பால்கனி விளிம்பையே பிளந்துவிடும். அடித்தட்டு வைத்து ஆங்கர் போல்ட் போடுவது மேல். அந்தத் தட்டு 6 மி.மீ.க்குக் குறையாமல், தூணின் அதே தரத்தில் இருக்கட்டும். போல்ட்டும் 316 தான். இங்கேதான் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கிறார்கள்: 316 தூணுக்குச் சாதாரண இரும்பு போல்ட் போட்டு மேலே அழகுக் கப் மூடிவிடுவார்கள். வேறு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் தாழ்ந்த உலோகம் இன்னும் வேகமாகக் கரையும். வெளியே கம்பி பளபளக்கும், கப்புக்குள்ளே போல்ட் பொடியாகி இருக்கும். தூண் சாய்ந்து அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். அழகுக் கப் போட விடும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் நீங்களே பாருங்கள்.

போல்ட் துளை ஸ்லாபின் விளிம்புக்கு மிக நெருக்கமாக வந்தால் காங்கிரீட் உடைந்து வரும், மூன்று நாலு அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். மொட்டை மாடியில் துளை போட்டால் நீர்த்தடைப் பூச்சும் துளைபடும். அங்கே தரையைத் தொடாமல் கைப்பிடிச் சுவரின் தலையிலோ உள்பக்கவாட்டிலோ பொருத்துங்கள். பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் தேவை.

வெல்டிங்கில் எதைப் பார்ப்பது?

எவர்சில்வருக்கு ஆர்கான் வெல்டிங், இணைப்பைச் சுற்றி முழுவட்டமாக. நாலு புள்ளி வைத்துவிட்டு பேஸ்ட் அடைத்து பஃபிங் போட்டால் முதல் நாள் தெரியாது, ஒரு மழைக்காலம் போனால் கோடு தெரியும். வெல்டிங் ஓரத்து நீல, கறுப்பு நிறம் முழுதும் எடுக்கப்பட வேண்டும். அந்த நிறம் இருக்கும் இடத்தில் காக்கும் படலம் இல்லை. இரும்பு அறுத்த அதே கட்டிங் வீலில் எவர்சில்வர் அறுக்கக் கூடாது, பக்கத்தில் இரும்பு கிரைண்டிங் செய்து பொறி தெறிக்க விடவும் கூடாது.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் எவர்சில்வர் முறுக்குக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுதும் வெல்டிங் செய்த இணைப்புகள் என்று செய்திருக்கிறார்கள். 1914-இலிருந்து பழைய பாலத்தை இந்த உப்போடு போராடிக் காத்துவந்த அனுபவத்துக்குப் பிறகு கட்டியது அது. பொருள், பூச்சு, இணைப்பு ஆகிய மூன்றும் நம் வீட்டுப் பால்கனிக்கும் பொருந்தும்.

நான் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன். ஊரில் அம்மாவும் மனைவியும்தான் வீட்டு வேலையைப் பார்க்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

நம் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் எழும்புகின்றன, அவர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். கேட்க வேண்டியதை மட்டும் முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். பைப் இறங்கிய அன்று தராசில் வைத்த படம், பைப் வாயை அளவுகோலோடு காட்டும் படம், தரம் எழுதிய பில், சொட்டு மருந்து சோதனை வீடியோ, கப் மூடும் முன் ஒவ்வொரு காலடியின் படம். பணத்தையும் இதோடு கட்டிவிடுங்கள்: பொருள் இறங்கி எடை சரிபார்த்த பின் ஒரு பகுதி, பொருத்திய பின் ஒரு பகுதி, ஒரு மழைக்காலம் கழித்துத் தர ஒரு சிறு பகுதி. மேஸ்திரியிடம் இதைத் தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

வெயிலில் கைப்பிடி சுடுமே?

சுடும். மேற்கு பார்த்த வெளிப்படியில் பகலில் அதிகம் ஏறி இறங்குவீர்கள் என்றால் மேலே ஒரு சிறு கூரை போடுங்கள். துணி, ரப்பர் உறை சுற்றாதீர்கள், உள்ளே உப்பு ஈரம் நின்று கம்பி குழிந்துபோகும்.

பழைய இரும்புக் கம்பி துருப்பிடித்துவிட்டது. மாற்றுவதா, பெயிண்ட் அடிப்பதா?

ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து அடிப்பக்கத்தில், தூணும் தரையும் சேரும் இடத்தில் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினாலோ, பொருக்கு பொருக்காக உதிர்ந்தாலோ பெயிண்ட் வேலைக்கே போகாதீர்கள், அந்தத் தூண் இனி ஆளைத் தாங்காது. புதுக் கம்பி வரும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டி மறியுங்கள்.

உறுதியாக நின்றால் காப்பாற்றலாம். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிட வேண்டும். உப்பின் மேல் அடித்த பெயிண்ட் சில மாதத்தில் கொப்புளிக்கும். பிறகு துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, அன்றே துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர், மறுநாள் எபாக்சி, மேலே பாலியூரிதேன். எபாக்சியைத் தனியாக விட்டால் வெயிலில் மாவு மாதிரி உதிரும், அதனால் மேல்பூச்சு கட்டாயம். பங்குனி, சித்திரையின் காய்ந்த பகல் இதற்கு நல்ல நேரம். கச்சான் தொடங்கிய பிறகு அடித்தால் ஈரப் பெயிண்டிலேயே மணலும் உப்பும் வந்து ஒட்டும்.